27 வேலை, ஒரு மணி நேரம்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 41. அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் வேலை. போக வர பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கணவர் ஷார்ஜாவில். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. 74 வயது மாமியாருக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். வீட்டுக்குப் பின்னால் 60 சென்ட் ரப்பர். பால் வெட்ட ஆள் உண்டு, கணக்கு இவர் பொறுப்பு. மாடியில் கட்டட வேலை பாதியில் நிற்கிறது. போதாக்குறைக்குச் சபையில் பெண்கள் சங்கப் பொருளாளர்.

இரண்டு வருஷமாக "ஒரு ஒழுங்குக்கு வர" முயன்றுகொண்டிருக்கிறாராம். மூன்று டைரி, போனில் இரண்டு ஆப், சமையலறைச் சுவரில் நான்கு கட்டம் போட்ட அட்டை, தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்திகள். ஞாயிறு இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கலர் பேனாவால் வார அட்டவணை போடுவார். செவ்வாய்க்கிழமைக்குள் அது குலைந்துபோகும். போன மாதம் மாமியாரின் சர்க்கரை மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆனது இவருக்குத் தெரியவே இல்லை. கேட்டதற்கு மாமியார், "நீயே கெடந்து ஓடுற, உனக்க கிட்ட எப்பிடி மக்களே சொல்லதுக்கு?" என்றிருக்கிறார். அன்று இரவு போனில் கணவர், "எல்லாத்தையும் ஒரு லிஸ்ட் போட்டுச் செய்யக்கூடாதா?" என்று கேட்டாராம். மூன்று டைரி வைத்திருப்பவரிடம்.

கேள்விகள் நான்கு. எந்த ஆப், எந்த முறை எனக்குச் சரிவரும்? காலை நான்கு மணிக்கு எழும் பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்றார்கள், 12-ஆம் நாளே விட்டுவிட்டேன், நான் சோம்பேறியா? ரீல்ஸில் சொல்கிற ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத குறைபாடு) எனக்கு இருக்குமோ? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா? கூடவே ஒரு வியாழக்கிழமைக்கான பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மொத்தம் 27 வரி.

சகோதரி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைவிட அந்த ஒரு படம் எனக்கு அதிகம் சொன்னது. 27 வரியில் ஐந்துக்கு டிக் போட்டிருக்கிறீர்கள். ஐந்தில் மூன்று, செய்து முடித்த பிறகு எழுதிச் சேர்த்தவை. பேனா நிறம் வேறாக இருக்கிறது. வெட்கப்பட வேண்டாம், நானும் அதைச் செய்வதுண்டு. ஆனால் நாள் முடியும்போது கண்ணில் படுவது மீதி 22. தினமும் இரவு 22 தோல்வியோடு படுக்கப் போகிறவர் தன்னைச் சோம்பேறி என்று நினைக்காமல் வேறு என்ன செய்வார்?

முதலில் மணிக்கணக்கு

நீங்கள் கணக்கு டீச்சர். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் நீங்கள் சொன்ன நேரங்களை வைத்து ஒரு வேலை நாளைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுகிறீர்கள், பத்தே முக்காலுக்குப் படுக்கிறீர்கள். விழித்திருப்பது 17 மணி 45 நிமிடம். பள்ளி ஏழு மணி, பஸ் ஒன்றரை. சமையல், பாத்திரம், துணி, வீடு என்று நான்கு. குளிப்பது, சாப்பிடுவது, ஜெபம் ஒன்றரை. பிள்ளைகள் படிப்பு ஒன்று. மாமியாருக்கு முக்கால். கணவரோடு போன் அரை. கூட்டினால் 16 மணி 15 நிமிடம். மிச்சம் ஒன்றரை மணி நேரம்.

அதுவும் முழுசாக உங்களுடையது இல்லை. நீங்கள் உறங்குவது ஆறேகால் மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அரை மணியை உறக்கத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். கையில் நிற்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்த 27 வரியும் உட்கார வேண்டியிருக்கிறது. எந்த ஆப் வந்தாலும் இந்தக் கழித்தல் மாறாது.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று குறைத்துப் போடுவது உங்கள் தனிக்குறை இல்லை. டேனியல் கானமனும் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதற்கு 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாள். இதில் எனக்குப் பிடித்த இடம், முன்பு தாமதமான அனுபவம் இருந்தும் 'இந்தத் தடவை அப்படி ஆகாது' என்று நம் மனம் நம்புவதுதான். உங்கள் பட்டியலில் 'விடைத்தாள் திருத்தம், 40 நிமிடம்' என்று இருக்கிறது. எத்தனை வருஷமாகத் திருத்துகிறீர்கள்? ஒரு வகுப்புக் கணக்குத் தாள் 40 நிமிடத்தில் என்றைக்காவது முடிந்திருக்கிறதா?

அந்த 27 வரியில் என்ன இருக்கிறது

பென்சிலை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்.

ஒன்பது வரி, எழுதினாலும் எழுதாவிட்டாலும் நடக்கிறவை: டிபன் கட்டுவது, யூனிஃபார்ம் தேய்ப்பது, மோட்டார் போடுவது. இவை பட்டியலில் இருந்தால் பட்டியல்தான் நீளும். வெட்டிவிடுங்கள்.

ஐந்து வரி வேலையே அல்ல. ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் ஓடும் காரியம். 'மாடி வேலை' என்று ஒரு வரி. 'மகள் காலேஜ்' என்று ஒரு வரி. 'பட்டா பெயர் மாற்றம்' மூன்று டைரியிலும் இருக்கிறது என்கிறீர்கள், எட்டு மாதமாக. இருக்கத்தானே செய்யும்? ராத்திரி ஒன்பது மணிக்கு 'பட்டா பெயர் மாற்றம்' என்ற வரியைப் பார்த்தால் ஒருவர் கையால் என்ன செய்ய முடியும்? அந்த வரியை அடித்துவிட்டு, 'மூலப் பத்திரம் எந்த பீரோவில் என்று மாமியாரிடம் கேட்பது' என்று எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. அது முடிந்தால் அடுத்த வரி: 'பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது'. அதற்கும் அடுத்தது, தக்கலையில் இருக்கும் கல்குளம் தாலுகா அலுவலகத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று விசாரிப்பது. கை, கால், வாய் இவற்றில் ஒன்றால் செய்யக்கூடியதாக இருந்தால்தான் அது வேலை. இல்லாவிட்டால் அது வெறும் தலைப்பு.

ஆறு வரி மற்றவர்களின் வேலை. இதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்று வரி ஆசைகள்: தினமும் நடை, ஸ்போக்கன் இந்தி, முட்டம் கடற்கரை.

மீதி நான்குதான் உண்மையில் தேதி உள்ள, நீங்களே செய்ய வேண்டிய வேலை. அந்த ஐந்து பெரிய காரியங்களையும் தினசரி ஒன்பதையும் ஒதுக்கிவிட்டு, மீதி 13 வரிக்கு நான் தாராளமில்லாமல் போட்ட கணக்கிலேயே ஆறரை மணி நேரம் வந்தது. கையில் இருப்பது ஒரு மணி.

படத்தின் ஓரத்தில் அந்த நான்கு கட்ட அட்டையும் விழுந்திருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் கண்டுபிடித்தது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். 1954-ல் ஒரு பேச்சில், அவசரமானது வேறு முக்கியமானது வேறு என்ற கருத்தை அவர் சொன்னது உண்மை. அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார். கட்டம் போட்டது பின்னால் வந்தவர்கள். அது போகட்டும். உங்கள் அட்டையில் 'அவசரம், முக்கியம்' கட்டத்தில் 19 காகிதம் ஒட்டியிருக்கிறது. 'இரண்டும் இல்லை' கட்டத்தில் ஒன்றே ஒன்று, முட்டம். 19 இருக்கிற கட்டம் எதையும் முந்தச் சொல்லாது.

எது முதலில் என்று என்னைக் கேட்டால், பால் வெட்டுகிறவரின் கணக்கு. மூன்று மாதமாக முடிக்கவில்லை, ரவுண்டாக முன்பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறீர்கள். உங்கள் அட்டையில் அது 'முக்கியம், அவசரமில்லை' கட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு அவசரமில்லை, சரி. அது அவர் கூலி, அவர் வாய் திறந்து கேட்கவில்லை. மாமியாரும் அப்படித்தான் மாத்திரை கேட்கவில்லை. எது முந்தி என்று குழம்பும்போதெல்லாம், 'இதைத் தள்ளிப்போட்டால் கேட்கத் தயங்குகிற யாராவது கஷ்டப்படுவார்களா?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான்கு கட்டத்தைவிட இது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஒரு நோட்டு, ஒரு நாள்காட்டி

எழுதி வைப்பது வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முடியாத வேலை மனதை அரிக்கும் என்பது பழைய கண்டுபிடிப்பு. பெர்லினில் படித்துக்கொண்டிருந்த புளூமா செய்கார்னிக் 1927-ல் வெளியிட்ட ஆய்வில், முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்தப்பட்டவை அதிகம் நினைவில் நின்றன. சுவாரசியம் அதற்குப் பிறகு. 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் காட்டியது: வேலையை முடிக்கவே வேண்டியதில்லை, எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாக ஒரு திட்டம் இருந்தாலே அந்த அரிப்பு அடங்குகிறது. நீங்கள் ஞாயிறு இரவு அட்டவணை போட்டதும் நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அது இதனால்தான். பிரச்சினை, மனம் நம்பாத திட்டத்தால் அந்த நிம்மதி செவ்வாய்க்குமேல் தாங்காது. ஏழு இடத்தில் எழுதி வைத்தால் மனம் நம்பாது. எந்த இடத்தில் எதை எழுதினோம் என்பதையே அது காவல் காக்கத் தொடங்கிவிடும்.

அதனால் இரண்டே இரண்டு இடம். ஒன்று, தேதி உள்ளவற்றுக்கு மட்டும் சமையலறையில் கட்டம் பெரிதாக உள்ள மாத நாள்காட்டி. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும். இரண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் கோடு போட்ட ஒரே நோட்டு. இடது பக்கம் தோன்றுவதையெல்லாம் எழுதலாம், எண்ணிக்கைக்கு வரம்பில்லை. வலது பக்கம் இந்த வாரத்துக்கு, ஐந்து வரி மட்டும். அதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு, அரை மணி கேட்பது ஒன்று, பத்து நிமிடம் கேட்பது ஒன்று. ஆறாவது உள்ளே வர வேண்டுமானால் ஐந்தில் ஒன்று வெளியே போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'பிறர் கையில்' என்று ஒரு தலைப்பு: யாரிடம் சொன்னேன், என்றைக்குக் கேட்க வேண்டும்.

பஸ்ஸில் நின்றுகொண்டே நோட்டை விரிக்க முடியாது, தெரியும். அதற்கு உங்கள் வாட்ஸ்அப் செய்தி போதும். ராத்திரி போனை சார்ஜில் போடும்போது அதை நோட்டில் ஏற்றிவிட்டுச் செய்தியை அழித்துவிடுங்கள். போன் நாள்காட்டி ஒன்றுக்குத்தான் தோது, திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில், அரையாண்டுக்கு ஒரு முறை வீட்டு வரி. ஒரு தடவை போட்டுவிட்டால் அது ஞாபகப்படுத்தும். அந்த இரண்டு ஆப்பையும் நீக்கிவிடலாம். டைரி மூன்றையும் ஒரே உட்காரலில் நோட்டுக்கு மாற்றிவிட்டுப் பரணில் போடுங்கள்.

அப்புறம், வாரம் ஒரு முறை நோட்டைப் புரட்டுவது. இதை ஞாயிறு இரவில் வைக்காதீர்கள். அது களைத்துப்போய், மறுநாளை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் நேரம். அந்தப் பயத்தில்தான் 27 வரி வருகிறது. சனிக்கிழமை காலை வெட்டுக்காரர் கணக்குச் சொல்ல வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் அதே நாற்காலியில் அரை மணி நேரம் உட்காருங்கள். 'வாரம் ஒரு நாள் செய்வேன்' என்று நினைப்பதைவிட 'இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருஷம் ஆராய்ந்த விஷயம் இது. 94 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2006 தொகுப்பும் இதையே சொல்கிறது. அவர் டம்ளரைக் கீழே வைப்பதுதான் உங்கள் மணி.

25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற தக்காளி முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. விடைத்தாள் திருத்த நன்றாக உதவும். நடுவில் கொத்தனார் கூப்பிடும் வீட்டில் மற்ற வேலைகளுக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

மாத்திரைக்கு நோட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். மொத்த அட்டைகளில் கடைசி அட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள். மாமியார் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றும் அன்று அதை உங்கள் பள்ளிப் பையின் பிடியில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. வாய் திறந்து கேட்க வேண்டாம், உங்கள் ஓட்டத்தைப் பார்த்துத் தயங்கவும் வேண்டாம். தொழிற்சாலைகளில் உதிரிப் பாகம் தீருமுன் அடுத்த பெட்டிக்குச் சீட்டு அனுப்புகிற முறையும் இதே யோசனைதான். இன்னொன்று: விட்டுப்போன மாத்திரையை ஈடுகட்ட மறுநாள் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அந்த இரண்டு நாள் விட்டதை அடுத்த முறை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நான்கு மணியும் 21 நாளும்

21 நாளில் பழக்கம் படியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதையும் கண்டார்கள். ஆக, 12-ஆம் நாளில் விட்டதை வைத்து உங்களுக்கு மார்க் போட முடியாது.

நான்கு மணிக்கு எழுவது அதைவிடத் தவறான யோசனை. பத்தே முக்காலுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால் ஐந்தேகால் மணி நேர உறக்கம். திருவட்டார் பக்கம் எங்கள் வீட்டிலும் கொஞ்சம் ரப்பர் உண்டு. அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார். 2011 வாக்கில் ஷீட் விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது அவருக்கும் ஆசை வந்தது. தினமும் வெட்டச் சொன்னார். முதலில் சிரட்டை நிறைந்தது. போகப் போகப் பால் தண்ணீராக இறங்கியது. அடுத்த வருஷம் ஏழெட்டு மரத்தில் வெட்டுப் பட்டை காய்ந்து, கத்தி போட்டால் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா அந்த மரங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இதைச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும், சகோதரி. உங்கள் விஷயத்தில் ஏன் புரியவில்லை?

வருஷம் முழுக்க ஒரே வேகமும் வேண்டாம். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இலை உதிரும் காலத்தில் வெட்டை நிறுத்துகிறோம். மார்ச்சில் தேர்வு, டிசம்பரில் சபை வேலை, கணவர் லீவில் வரும் மாதம் ஒன்று. அந்த வாரங்களில் வலது பக்கத்தில் ஐந்துக்குப் பதில் இரண்டு போதும். காய்ச்சலோ சாவு வீடோ வந்து எல்லாம் குலைந்தால், விட்டதைச் சரிக்கட்ட உட்காராதீர்கள். ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள்.

அந்த ஆறு வரி யாருடையது

கரண்ட் பில், வீட்டு வரி, இன்டர்நெட், காஸ் புக்கிங், மகளுக்குக் கல்லூரி விவரம் தேடுவது: ஐந்தும் ஷார்ஜாவில் இருந்தே செய்யக்கூடியவை. உங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே எட்டு. கணவர் சொன்ன லிஸ்ட்டை அவருக்கே அனுப்பிவையுங்கள் என்று குத்தலாகச் சொல்லவில்லை; தூரத்தில் இருப்பவருக்கு வீட்டில் ஒரு பங்கு இருப்பது அவருக்கும் நல்லது. ஆனால் 'உதவி பண்ணுங்க' என்று கேட்காதீர்கள். உதவி என்றால் ஞாபகம் வைப்பது உங்கள் தலையிலேயே நிற்கும். 'கரண்ட் பில் இனி உங்களுக்கு, நான் ஞாபகப்படுத்த மாட்டேன்' என்று ஒப்படையுங்கள். முதல் தடவை தேதி தவறலாம், அபராதம் வரலாம். அதைப் பொறுத்துக்கொள்ள உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் உங்கள் கையும் கொஞ்சம் இறுக்கம், கடிதத்திலேயே தெரிகிறது.

ஆறாவது, தலைமை ஆசிரியர் 'நீங்கதானே கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க' என்று தரும் வேலைகள். எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரம் பதிவது பள்ளி வேலைதான், அதில் சண்டை வேண்டாம். முறை வைத்துப் பங்கிடக் கேட்கலாம். நிர்வாகியின் குடும்ப விழாவுக்கு அழைப்பிதழ் அடிப்பது அப்படி இல்லை. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர மற்ற கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆகவே தேர்தல் வேலையை மறுக்க முடியும் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. அழைப்பிதழை மறுக்க முடியாது என்று நினைப்பதும் சரியல்ல. சட்டப் பிரிவை முதல் நாளே நீட்டினால் உறவு கெடும். 'இந்த வாரம் விடைத்தாள் இருக்கு சார், எதை முதல்ல முடிக்கட்டும்?' என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே அழைப்பிதழ் வேறு கைக்குப் போய்விடும்.

பொருளாளர் பொறுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நானாகச் சொல்கிறேன்: பதவிக்காலம் முடிந்ததும் 'மகள் காலேஜ் சேரும் வருஷம்' என்று சொல்லி இறங்கலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

ஏடிஎச்டியும் வேலையை விடுவதும்

ரீல்ஸ் பார்த்து நோய் முடிவு செய்ய வேண்டாம், கடிதம் பார்த்து நானும் முடிவு செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம். ஏடிஎச்டி என்றால் அதன் பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை தந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்வது இரண்டு வருஷக் கதை. பள்ளிக்காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். 41 வயதில் மறதியும் களைப்பும் புதிதாக வந்தால் முதலில் தைராய்டும் ரத்தசோகையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் மாற்றங்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 'குளியலறையில் காரணமில்லாமல் அழுகை வருகிறது' என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள். போக வசதிப்படாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இதையெல்லாம் நோட்டு சரிசெய்யாது.

வேலையை விடுவது பற்றி. உங்கள் 27 வரியில் பள்ளியைச் சேர்ந்தவை நான்குதான். வேலையை விட்டால் அந்த நான்கு போகும். 'இப்போ வீட்டுலதானே இருக்க' என்று புதிதாகப் பத்து வரும். எட்டரை மணி நேரம் மிச்சமாகும், உண்மை; அதோடு உங்கள் கையிலேயே வரும் சம்பளமும் போகும், கணவர் வேலை நிலைக்கு ஒரு மாற்று ஏற்பாடும் போகும். மாமியார் படுத்த படுக்கையாகும் நிலை வந்தால் கணக்கு வேறு. இப்போதைக்கு, மூன்று மாதம் இந்த நோட்டோடு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் விடத்தான் தோன்றினால், ஊதியமில்லா விடுப்பு, ஓய்வூதியம், பணிக்கொடை இவற்றில் உங்கள் நிலை என்ன என்று பள்ளி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு யோசிக்கலாம். சக ஆசிரியை சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அரை மணி பஸ் தூரத்துக்குள் மாறுதலோ பரிமாற்றமோ கிடைக்குமா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பஸ் நேரம் பாதியாகக் குறைந்தால் உங்கள் ஒரு மணி ஒன்றே முக்கால் ஆகிறது.

கடைசியாக அந்த மூன்று ஆசைகள். நடையை பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிவரை நடக்கும் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியை இந்த வருஷம் இடது பக்கத்திலேயே விடுங்கள். முட்டம் மூன்று டைரியிலும் கடைசி வரியாக இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு சாயங்காலத்தில் போய்வரும் இடம், இரண்டு வருஷமாகப் போகவில்லை என்கிறீர்கள். அதை நோட்டிலிருந்து எடுத்து நாள்காட்டிக்கு மாற்றுங்கள். ஜூன் மழைக்கு முன்னால், மகளுக்குத் தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை. சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் நான்கரைக்காவது வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். மாமியாருக்கு உட்கார ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள்.